இரண்டாவது முறை

ஸேன்யா தீவில் ஜனவரி மாதம்
விடிவது கடிகாரத்தில் மட்டும்.
ஐந்தரைக்குக் கிளம்புவோம், நால்வர், ஒரே கார்,
பாலம் தாண்டி மீன் தொழிற்சாலைக்கு.

ஆணி பதித்த டயர்கள்
வறுத்த கடலையை மெல்வதுபோல்
சாலையை மென்றபடி வரும்.
எங்களுக்கு அது சத்தம்.
யோருன்னுக்கு அது சுவர்.

அவளுக்கு இடது காதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
ஆகவே முன்னிருக்கை, என் வலப்பக்கம்.
வெயில் மறைப்பில் சின்னக் கண்ணாடி ஒன்றை ஒட்டினோம்,
பின்னால் இருப்பவர்களின் வாய் தெரிய.
ஹீட்டரின் விசிறியை ஒன்றுக்கு இறக்கினோம்.
"குளிர்கிறதே" என்று ஓத்னி முனகியது
முதல் நாள் மட்டும்.
பேசுமுன் இருக்கையின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவாள்.
உள்விளக்கு எரிந்தபடியே போகும்,
இருட்டில் எல்லா உதடுகளும் ஊமை என்பதால்.
எதிரே வருகிறவர்கள்
எங்களை ஓடும் மீன்தொட்டி என்று நினைத்திருக்கலாம்.

ஐனார் மீசையை மழித்தான்.
யாரும் கேட்கவில்லை. ஏனென்று அவனும் சொல்லவில்லை.

என் காலரில் விரல்நக அளவு மைக்.
நான் சாலையைப் பார்த்துப் பேசினாலும்
குரல் நேராக அவள் கருவிக்குள் போய்விடும்.
அப்படியும் சுரங்கப் பாதையில் எதுவும் தேறாது.
"என்ன?" என்பாள்.
ஐனாரின் ஜோக் முதல் தடவையே நொண்டும்,
இரண்டாம் தடவை தவழும்.
சில நாள் நான்,
"ஒன்றுமில்லை, விடு."

உடனே அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.
அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.
இருட்டும் அதில் அவள் முகமும்தான்.

அந்த வியாழக்கிழமை
பெட்ரோல் பங்கில் இறங்கி நின்றேன்.
ஒரு கையில் குழாய், மறு கையில் போன்.
இரவு வேலை முடிந்து வந்திருந்த மனைவியிடம் சொன்னேன்:
"அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இரண்டு முறை,
சிரிப்பைக்கூட இரண்டு முறை.
பேசாமல் பஸ்ஸில் வரச் சொல்லலாம்."

குழாயை மாட்டிவிட்டுக் குனிந்தபோதுதான்
தாடையில் இடித்தது
மைக்.

கதவைத் திறந்தேன்.
பின்னால் இரண்டு பேரும் தூக்கம்.
அவள் பெல்ட் போட்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.
"தெளிவாகக் கேட்டது," என்றாள்.
"இந்த வாரத்திலேயே
ஒரு சொல்கூட விட்டுப்போகாமல் எனக்குக் கேட்டது
அதுதான்."

மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன்.
எந்த மைக்குக்கும் எட்டாத குரலில்.

பாலம் வந்தது. ஓத்னி விழித்து,
இரண்டு தட்டு தட்டி, கனவொன்றைச் சொன்னாள்.
யோருன் கண்ணாடியில் அவள் வாயைப் பார்த்துச் சிரித்தாள்,
இடம் தவறாமல்.
எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை.

கடைசிச் சுரங்கம்.
என்றும் செய்யாததை அன்று செய்தாள்:
கையை நீட்டி உள்விளக்கை அணைத்தாள்.
இருட்டு, டயர், இரைச்சல்.
அதற்கு நடுவில் அவள் குரல் எழுந்து விழுந்தது.

"என்ன?" என்றேன்.

பதில் இல்லை.
கற்சுவர் எங்கள் சத்தத்தை எங்களிடமே திருப்பிக்கொண்டிருந்தது.
"யோருன், என்ன சொன்னாய்?"

"ஒன்றுமில்லை," என்றாள், உரக்க. "விடு."

எண்ணூறு மீட்டர் என்று பலகை சொல்கிறது.
அதை அப்படியே நம்பியிருந்தேன் அதுவரை.

வெளியே வந்ததும் விளக்கைப் போட்டாள்.
என் பக்கம் முழுதாகத் திரும்பி,
நான் அவளுக்குச் செய்ய வேண்டியதுபோல்
உதட்டை மெல்ல அசைத்து, கத்தாமல்,
இரண்டாவது முறை சொன்னாள்:

"இடப்பக்க ஹெட்லைட் எரியவில்லை.
பாலத்திலிருந்தே."